ஜெனரேட்டர் வண்டியின் பின்விளக்கு

வில்லாபுரம் பேச்சிமுத்து கல்யாணம், காதுகுத்து விசேஷங்களுக்கு ஜெனரேட்டர் ஓட்டுகிறவன். வேன் இழுத்துப் போகும் டிரெய்லரில்தான் அந்த ஜெனரேட்டர் இருக்கும். போகிற இடத்தில் தெருவே சீரியல் பல்பில் ஜொலிக்கும். டிரெய்லருக்குப் பின்னால் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. புருஷன் வேனுக்குள் முதலாளி மலையாண்டி பக்கத்தில் உட்கார்ந்து போவதாகவே தங்கப்பொண்ணு நம்பிக்கொண்டிருந்தாள், பாவம்.

ஒருநாள் அந்தியில் வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். திடீர் பிரேக்கில் முன்கம்பியில் போய் முட்டினாள்.

"சாகுறதுக்குன்னே உட்காந்திருக்கான் பாரு!" என்று டிரைவர் கத்தினார்.

எட்டிப் பார்த்தாள். முன்னால் போன டிரெய்லரின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டபடி பேச்சிமுத்து. கையில் சிவப்புக் கேரிபேக் சுற்றிய செல்போன் டார்ச். வேன் வேகம் குறைந்தால் அதை ஆட்டினான். முதலாளி ஒருமுறை ஹாரன் அடித்தால் இடது கையை நீட்டினான், இரண்டுமுறை அடித்தால் வலது கையை. பிரேக் லைட்டும் அவன்தான், சிக்னலும் அவன்தான்.

மறுநாள் காலையில் மலையாண்டியின் ஷெட்டுக்கே போய்விட்டாள்.

"லைட்டு மாட்டுனா குலுக்கல்ல வயரு அந்துபோகுதும்மா" என்றார் அவர்.

"வயரு அந்தா வேற வயரு வாங்கலாம். எம் புருசனுக்கு எங்கண்ணே போறது? இன்னைக்கி நீங்க பின்னாடி உட்காருங்க. வேற ஆளு வேன ஓட்டட்டும்."

"என்னம்மா பேசுற? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"எங்க வீட்டுல என்ன, பூனைக்குட்டியா இருக்கு?"

சொன்னவள் டிரெய்லரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் கோச்சடையில் விசேஷம். வேறு வழியில்லாமல் எலக்ட்ரீசியன் உமேஷுக்குப் போன் போட்டார் மலையாண்டி.

உமேஷ் வேனுக்கடியில் குனிந்து பார்த்தான். டிரெய்லர் லைட்டுக்கான சாக்கெட் வேனிலேயே இருந்தது, சேறு அப்பி. துடைத்தான். வயர் அறாதபடி பைப்புக்குள் விட்டு இழுத்தான். டிரெய்லருக்குப் பின்னால் இரண்டு விளக்கை மாட்டி முடுக்கினான். டீ வாங்கப் போன பேச்சிமுத்து திரும்புவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"இம்புட்டுத்தானா?" என்றாள் தங்கப்பொண்ணு. "இந்த இம்புட்டு வேலைக்கா ஒரு மனுசன லாரிக்கு முன்னால கொண்டுபோய் உட்கார வச்சீக?"

மலையாண்டி வேனில் ஏறி, இடது சிக்னலைப் போட்டார். பழக்கதோஷம், ஹாரனையும் ஒருமுறை அடித்துவிட்டார். மஞ்சள் விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. பக்கத்தில் நின்ற பேச்சிமுத்துவின் இடது கை தானாக நீண்டது.

"கைய எறக்குய்யா!" என்று அலறினாள் தங்கப்பொண்ணு.