ஜெயமலரின் கதிரை சீனாவுக்குப் போன கதை

காருக்குள் சூட்டைப் போட்டுக்கொண்டு போகிற நீங்கள், பனிக்குள் பஸ்ஸுக்காக நிற்கிற ஒரு பெண்ணை எப்போதாவது திரும்பிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தாலும், கால் உளைந்தால் அவர் எதில் இருப்பார் என்று யோசித்திருக்கிறீர்களா?

யோசித்திருக்க மாட்டீர்கள். கனடாவில், வோபர்னில் ஜெயமலர் நிற்கிற பஸ் தரிப்பை அமைத்தவர்களும் யோசிக்கவில்லை. அங்கே ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு தகடு, தகட்டில் பஸ்ஸின் இலக்கம், அவ்வளவுதான். இருக்க ஒரு வாங்கும் இல்லை, கூரையும் இல்லை. ஜெயமலருக்கு ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை. பகல் முழுக்க ஓடுகிற பட்டிக்கு முன்னால் நின்று பணிஸ்களைப் பைக்குள் போடுவார். அங்கேயும் இருக்கையில்லை. இருந்தால் பணிஸ் கோபித்துக்கொள்ளும் என்று முதலாளி நினைத்தாரோ தெரியாது. இரண்டு முழங்காலும் பேசத் தொடங்கிய பிறகு, ஜெயமலருக்கு இந்த நாட்டிடம் ஒரேயொரு வேண்டுகோள்தான் இருந்தது: பஸ் வரும்வரை இருக்க ஓரிடம்.

நகரசபையிடம் பலமுறை தொலைபேசியில் கேட்டார். ஒருமுறை மிக இனிமையான சங்கீதம் போட்டார்கள். மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் கராஜைத் திறந்து, மகள் அட்சயாவின் சாமத்தியவீட்டுக்கு வாங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய்க் கம்பத்தடியில் வைத்தார். ஒரு பெண்பிள்ளையின் உடம்பு வளர்ந்ததற்கு மண்டபம் எடுத்துச் சோறு போட்ட அந்தக் கூத்தால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை இந்தக் கதிரைகள்தான்.

அடுத்த கிழமை நகரசபையின் லொறி ஒன்று வந்து கதிரையை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதை அட்சயாவின் சைக்கிள் சங்கிலியால் கம்பத்தோடு பூட்டினார்.

பக்கத்து வீட்டுப் பொன்னம்பலத்தார் இதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார். ஓய்வு பெற்றவர், எங்கே போனாலும் காரில் போகிறவர், கனடாவுக்கு வந்த நாளிலிருந்து பஸ்ஸில் ஏறாதவர். ஆகவே பஸ்ஸைப் பற்றி நிறைய அபிப்பிராயங்கள் இருந்தன.

"பிள்ளை, உது நாவூறு. ரோட்டாலை போறவன் வாறவன் எல்லாம் உன்ரை கதிரையைப் பாத்துப் பெருமூச்சு விடுறான்."

"பொன்னண்ணை, லொறியிலை வந்தெல்லோ ஏத்திக்கொண்டு போறாங்கள். நாவூறுக்கு லொறி என்னத்துக்கு?"

பொன்னம்பலத்தார் உடனே கார்த் திறப்பை எடுத்தார். தூரத்துக் கோயில் ஒன்றுக்குக் காரோட்டிப் போனார். யாருடைய பேருக்கு அர்ச்சனை என்று ஐயர் கேட்டபோது, பேர் கதிரை என்றும் நட்சத்திரம் ஜெயமலருடையது என்றும் சொன்னாராம். ஐயர் கண்ணும் இமைக்காமல் பாடி முடித்தாராம். பிறகு வந்து ஒரு தேசிக்காயையும் ஏழு பச்சை மிளகாயையும் நூலில் கோத்துக் கதிரையின் முதுகில் கட்டினார்.

இரண்டு நாள் கழித்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் அளவுநாடாவோடு நாலு பேர் வந்தார்கள். தெருவை அளந்தார்கள், புல்லை அளந்தார்கள், தண்ணீர்க் குழாயைப் படம் எடுத்தார்கள். பஸ்ஸுக்காகக் கதிரையில் இருந்த ஜெயமலருக்கு உடனே விளங்கிவிட்டது. லொறிக்காரர் இப்போது அதிகாரிகளையே அனுப்பியிருக்கிறார்கள்.

பஸ் வந்தது. எழும்பினால் கதிரை போய்விடும். அவர் எழும்பவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸையும் போக விட்டார்.

நாலு பேரில் ஒரு இளம்பெண் நல்ல ஆங்கிலத்தில், இந்தக் கதிரை இங்கே ஏன் இருக்கிறது என்று கேட்டாள். ஜெயமலர் நிமிர்ந்து இருந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இது கனடாவின் சட்டம், எல்லாத் தரிப்பிலும் ஒன்று வைத்தே ஆகவேண்டும் என்றார். சங்கிலி? அதுவும் சட்டம். தேசிக்காயும் மிளகாயும்? ஜெயமலர் தேசிக்காயைத் திரும்பிப் பார்த்தார். பின்வாங்கினால் எல்லாம் போய்விடும். அதுவும் சட்டம்தான், கிழமைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றார். ஒருவர் முழங்காலில் நின்று கதிரையின் கால்களை அளந்தார். எல்லாரும் பணிவாகத் தலைசாய்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று வேலைக்குப் பிந்தியதற்காக ஜெயமலர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மற்றக் கிழமை லொறி வந்து சங்கிலியை வெட்டியது. அதன் பிறகு வைத்தவையும் ஒவ்வொன்றாகப் போயின, வருடங்கள் இரண்டும் போயின. கராஜில் ஒரேயொரு கதிரை மிஞ்சியது. அதை வைத்துத் தொலைத்தால் பிறகு நிற்கத்தான் வேண்டும் என்று அதை வெளியே எடுக்காமலே நின்றார்.

பிறகு ஒருநாள், பட்டியில் பக்கத்தில் நிற்கிற மிஸிஸ் ஷென், சாப்பாட்டு நேரத்தில் தன் போனை நீட்டினார். அவருடைய ஊர் சீனாவில் நிங்போ, பெரிய துறைமுகம். நகரத்துக்கு வெளியே வயலாகக் கிடந்த இடத்தில் ஒரு புதுப் புறநகர் எழும்பியிருக்கிறதாம். முதலில் தெரு வந்ததாம், பிறகு ரயில், பிறகு துறைமுகத்து உத்தியோகத்தரெல்லாம் குடிவந்தார்களாம். அசல் கனடா மாதிரியே கட்டினால் வீடு விலைபோகும் என்று கட்டியவர்கள் ஆளனுப்பி அளந்து வந்தார்களாம். அவருடைய தங்கை பெற்ற பெறாமகளும் அங்கே ஒரு வீடு வாங்கிவிட்டாள். செங்கல் வீடு, முன்னால் புல், சிவக்க மறுக்கிற மேப்பிள் மரம். அடுத்த படம் பஸ் தரிப்பு.

வெள்ளைக் கதிரை. சங்கிலி. முதுகில் பிளாஸ்டிக் தேசிக்காய் ஒன்று, பிளாஸ்டிக் மிளகாய் ஏழு.

கீழே இருந்த பலகையை மிஸிஸ் ஷென் வாசித்தார்: கனடிய மரபு, கிழமைக்கு ஒருமுறை மாற்றப்படும். இருபது வருடமாக இங்கே காரோட்டுகிறேன், இந்த மரபை நான் கண்டதில்லையே, எந்த மாகாணத்தில் இருக்கிறது என்று கேட்டார். ஜெயமலர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது. அவருடைய கதிரையில் நிங்போவில் யார் யாரோ இருக்கிறார்கள். அவர் மட்டும் நிற்கிறார்.

அந்த மாதம் வோபர்னில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று கட்டுவது பற்றிப் பொதுக்கூட்டம் நடந்தது. அட்சயா படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்து, "அம்மா, ப்ளீஸ், சட்டம் கிட்டம் எண்டு ஸ்டார்ட் பண்ணாதேங்கோ" என்று கும்பிட்டாள். மேடையில் மாக்கஸ் என்ற நகரசபைத் திட்ட அதிகாரி இருந்தார். ஜெயமலர் தன் தரிப்புக்கு ஒரு வாங்கு கேட்டதும், பயணிகள் போதாது, நடைபாதையின் அகலம் போதாது, ஆய்வும் போதாது என்றார். ஜெயமலர் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

மாக்கஸின் முகம் மலர்ந்தது. எவ்வளவு எளிமையான வடிவமைப்பு, இது எந்த ஊர், ஒரு குழுவை அனுப்பிப் பார்க்கலாமே என்றார்.

ஜெயமலர் தமிழில் சொல்ல, அட்சயா மொழிபெயர்த்தாள். "தம்பி, நீங்கள் சீனாவுக்குப் போக வேண்டாம். உங்கடை லொறி நிக்கிற இடத்துக்குப் போங்கோ. அங்கை என்ரை மொடல் ஒரு குவியல் கிடக்கு."

மண்டபம் சிரித்தது. பொன்னம்பலத்தார் எழும்பி, தேசிக்காய் இல்லாமல் வடிவமைப்பு பூரணமாகாது என்று பேசினார். மாக்கஸ் எல்லாவற்றையும் ஆய்வுக்கு அனுப்பினார். ஆய்வு எங்கே போனதோ யாருக்கும் தெரியாது. சீனாவில் வயல் ஒரு நகரமாக மாறுகிற நேரத்தில் இங்கே ஒரு வாங்கு ஆய்விலிருந்து இறங்காது.

அடுத்த நாள் ஜெயமலர் கடைசிக் கதிரையை வைத்தார். அன்றைக்குப் பார்த்துக் குளிரில் பொன்னம்பலத்தாரின் கார் உயிர் விட்டது. கனடாவில் முதல்முறையாக அவர் பஸ்ஸெடுக்கத் தரிப்புக்கு வந்தார், கதிரையில் இருந்தார், பஸ் வந்தும் எழும்ப மறுத்தார். ஜெயமலர் பஸ்ஸேறிப் போய்விட்டார். பொன்னம்பலத்தாரோ, வருகிற போகிற எல்லாரும் தன் பேச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டிய ஓரிடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கதிரைக்குப் புதுத் தேசிக்காய் ஒன்றையும் கட்டிவிட்டு, கார் திருத்தி வந்த பிறகும் பகலெல்லாம் அங்கேதான். ஜெயமலர் வேலையால் வந்து இறங்கும்போது எழும்பி இடம் விடுவார்.

லொறி வந்தது. எழும்பச் சொன்ன இரண்டு இளைஞருக்கும் அவர் நாவூறு பற்றி ஆரம்பத்திலிருந்து விளக்கினார். மேலுக்கு ஆள் இருக்கிற கதிரையை ஏற்ற அவர்களுக்கு அனுமதி இல்லை. கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமையும் இல்லை. வெறும் லொறி திரும்பிப் போனது.

கதிரையைக் காப்பாற்றியது தேசிக்காய் என்கிறார் பொன்னம்பலத்தார். ஆள் இருந்ததால்தான் தப்பியது என்பது அவருக்கு விளங்காது, விளங்கவும் தேவையில்லை, அவர் இருந்தால் போதும்.

உங்கள் கராஜிலும் சும்மா கிடக்கிற கதிரை ஒன்று நிச்சயம் இருக்கும். நாளைக்கே அதை உங்கள் தெருத் தரிப்புக்குக் கொண்டுபோங்கள். வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள், இருங்கள். தேசிக்காயை மட்டும் வீட்டில் ஊறுகாய்க்கு விட்டுவிட்டு வாருங்கள்.