‘சமத்து’ என்று எழுதிக்கொடுத்தவள் சொல்கிறேன்

மதலேன் மேடம் போய்விட்டார் என்ற செய்தி, எங்கள் புதுச்சேரிப் பயிற்சி மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் மதியச் சாப்பாட்டு வேளையில் வந்தது. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் வரிசையாகக் கும்பிடும் கைகள். "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று இயக்குநர் போட்டிருந்தார். அடேயப்பா! கைக்குழந்தைகளின் மனநலத்துக்காக மேடம் நடத்திய ஆறு மாதப் பயிற்சியை ஒரே நாளாக வெட்டியவர் இவர்தான். குழந்தை இருக்கும் வீட்டு வாசலையே மிதிக்காமல், ஏ.சி. அறையில் பிளாஸ்டிக் பொம்மையைத் தாலாட்டிச் சான்றிதழ் வாங்கியவர்களே, கும்பிட்ட உங்களைத்தான் சொல்கிறேன். வெட்கமாக இல்லை?

நானும் யோக்கியம் இல்லை. இருபது வருடம் நர்சாக இருந்துவிட்டு மேடத்திடம் பயிற்சிக்குச் சேர்ந்து, பிறகு இந்த மையத்திலேயே வேலைக்கு வந்தவள். அவர் என்னைவிட எட்டு வயது இளையவர், கல்யாணம் ஆகாதவர். மூன்று பிள்ளை பெற்ற எனக்கு இவள் என்ன சொல்லித் தரப்போகிறாள் என்று நெல்லித்தோப்பில் தோழிகளிடம் சிரித்திருக்கிறேன்.

முதல் மாதம் குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. அம்மா மீன் விற்கக் கிளம்பினாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. 'சமத்துக் குழந்தை, தொந்தரவு இல்லை' என்று எழுதிக்கொடுத்தேன். மேடம் அதை வகுப்பில் உரக்கப் படித்தார்.

"சமத்தா? அழுது அழுது பாத்துருக்கு, யாரும் வரலன்னு வுட்டுடுச்சு. உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா அதுக்குப் பேரு சமத்தா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் வாரம் ஒரு நாள் போனேன். குழந்தையை விடுங்கள், முதலில் அம்மாவிடம் பேசுங்கள் என்று சொல்லியிருந்தார். கணவனைக் கடலில் பறிகொடுத்த பிறகு பிள்ளையைத் தூக்கவே அவளுக்குப் பயம். "தூக்குனா நானும் அழுதுடுவேன்க்கா" என்றாள். "அழு, நான் இருக்கேன்" என்றேன்.

நான்காவது மாதம், அவள் கூடையை எடுத்ததும் குழந்தை ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொண்டு அழுது ஊரைக் கூட்டியது. "ஐயோ, நல்லா இருந்த புள்ள கெட்டுப்போச்சே" என்று பதறியவள், கூடையை இறக்கிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டாள். நான் மேடத்துக்குப் போன் செய்தேன். "அழுதுச்சா? நல்லா அழுதுச்சா?" என்று அந்தச் சிடுமூஞ்சி திரும்பத் திரும்பக் கேட்டது.

இப்போது அந்த ஒரு நாள் பயிற்சிக்கு மேடத்தின் பெயரை வைக்கப்போகிறார்களாம். முதல் வகுப்பை நான் எடுக்க வேண்டுமாம்.

"வீட்டுக்கே போகாத பயிற்சிக்கு அவங்க பேரா? நான் வர மாட்டேன் சார்" என்றேன்.

"நீங்களும் அந்தம்மா மாதிரியே ஆயிட்டீங்க" என்றார் இயக்குநர். திட்டுகிறாராம்! மேடத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான். வேலையே போனாலும் அதை விடுவதாக இல்லை.