அம்மா பூசிய சிவப்பு

சிதம்பரத்து வீட்டு வாசலில், என் காரின் கதவில் பெயிண்ட் உதிர்ந்த இடத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். சிவப்புப் பெயிண்ட், மூடியோடு ஒட்டிய சின்ன பிரஷ். திறந்ததும் நெயில் பாலிஷ் நெடி.

சின்ன வயதில் கடலூர் முதுநகரில் அம்மாவும் நானும்தான் இருந்தோம். அப்பா, நான் கூப்பிடும் அத்தா, சவுதியில். ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்கு ஒரு பொம்மைக் காரும் அம்மாவுக்குச் சிவப்பு நெயில் பாலிஷும் கொடுத்தனுப்பினார். அம்மா ஐந்து வேளையும் தொழுகிறவள். நகத்தில் பாலிஷ் இருந்தால் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு நிறைவேறாது.

"அவுங்களுக்கு இதுகூடவா மறந்துபோச்சு?" என்றாள்.

என் பொம்மைக் காரில் பெயிண்ட் உதிரும்போதெல்லாம் அதைத்தான் எடுத்துப் பூசுவாள். பூசிவிட்டு ஊதுவாள். போகப்போக, உதிராத இடத்திலும் பூசினாள்.

லீவில் வந்த அத்தா காலி பாட்டிலைப் பார்த்துவிட்டார். "பரவால்லியே, எல்லாத்தையும் போட்டுட்டியா? அடுத்த தடவ ரெண்டா அனுப்பறேன்."

"அனுப்புங்க" என்று சோற்றுத் தட்டை நீட்டினாள் அம்மா. தட்டைப் பிடித்திருந்த நகங்கள் வெறுமையாக இருந்தன. அத்தா சோற்றைத்தான் பார்த்தார்.

இப்போது இருவரும் இல்லை. உள்ளே கூப்பிடவும் யாருமில்லை. கதவருகே குனிந்து, பெயிண்ட் காய்ந்த பிறகும் ஊதிக்கொண்டிருந்தேன்.