செவ்வாழையில் ஏறிய பச்சை

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தலைச்சுமையாக வாழைக்காய் விற்றே காரைக்குடியில் சொந்த மண்டி போட்டவன். தாரைத் தூக்காமலே எடை சொல்லுவேன், தப்பியதில்லை. அப்படிப்பட்ட என்னையே சரக்குக்குக் காத்திருக்க வைத்தவன் ஒருவன்தான், பள்ளத்தூர் வீரணன். அறுபத்தி நாலில் நாகர்கோவில் பக்கம் போய்ச் செவ்வாழைக் கன்று கொண்டுவந்து, நம் செம்மண்ணில் கிணற்றுத் தண்ணீரில் வளர்த்துக் காட்டினான். கல்யாண வீட்டுக்காரர்கள் அவன் தாரைத்தான் கேட்பார்கள். அந்தச் சிவப்பு போனால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

வாழைக்கு விதை கிடையாது. தாய் எப்படியோ பக்கக்கன்றும் அப்படியே வரவேண்டும். செவ்வாழையில் மட்டும் எப்போதாவது ஒரு கன்று பச்சைக்குத் திரும்பிவிடும். உடனே தோண்டி எறியவேண்டும். விட்டால் அதன் வாரிசெல்லாம் பச்சைதான். சிவப்பைவிட வேகமாக வேறு வளரும்.

இது வீரணனுக்கும் தெரியும். ஆனால் கிணற்றடியில் ஒரு தூரை, தாயும் கன்றுகளுமாக, ஐயனாருக்கு விட்டிருந்தான். கோயிலில் மாசிக் களரித் திருவிழாவுக்கு அதன் தார் போகும். அதில் முளைத்த எதையும் வெட்டி எறியக்கூடாது. கன்று எடுத்தால் நட்டே ஆகவேண்டும்.

எழுபத்தி ஒன்றில் நான் போனபோது அந்தத் தூரின் மரம் ஒன்றில், அடியிலிருந்து இலைக்காம்பு வரை விரல் அகலத்துக்குப் பச்சைக் கோடு ஓடியிருந்தது.

"வீரணா, இதத் தோண்டிப் போடுப்பா."

"சாமி மரத்துல கடப்பாரையவாண்ணே? மண்டிப் பேச்ச இங்குட்டுப் பேசாதீக."

"சாமி பச்சப் பழமா கேட்டாரு?"

அவன் சிரிக்கவில்லை. அவன் மனைவி கருப்பம்மாள்தான், "மண்டிக்காரவுகளுக்குச் சாமியும் சரக்குதேன்" என்றாள்.

எழுபத்தி நாலில் மழை பொய்த்துக் கிணறு வற்றியது. தோட்டமே கருகியது. குடத்துத் தண்ணீரில் பிழைத்தவை சாமி தூரும், துவைகல் ஓரத்துத் தூர் ஒன்றும்தான்.

"பாத்தீகளாண்ணே, சாமி தன் கன்னுகளக் காப்பாத்திக் குடுத்துருக்காரு!" என்று மழை வந்ததும் தோட்டம் முழுக்கச் சாமி தூர்க் கன்றையே நட்டான். கன்றுகள் பயமாக இருக்கும் அளவுக்கு வளர்ந்தன. தண்டில் சிவப்பு ஏறவே இல்லை.

"வெயில் பட்டாச் செவக்கும்ணே" என்றான்.

குலை தள்ளியது. வரிசைக்கு வரிசை பச்சை. மாசிக் களரியில் பச்சைத் தாரைச் சுமந்து போனவனிடம் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. திரும்பி வந்தவன் வேட்டியைக்கூட மாற்றாமல் கடப்பாரையை எடுத்துச் சாமி தூரைக் கிழங்கோடு பெயர்த்தான். கருப்பம்மாள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நின்றாளாம். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. சிவப்பில் மிச்சமிருந்தது துவைகல் தூர் மட்டும். அதில் வரும் கன்றுதான் இனி வித்து.

ஆடியில் நான் போனேன். வீரணன் தூரத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான். கருப்பம்மாள் துவைகல் பக்கம் குனிந்து, புதிதாக முளைத்திருந்த கன்றின்மேல் சருகை இழுத்து மூடினாள். நான் சருகை விலக்கினேன். முடி கனத்துக்கு ஒரு பச்சைக் கோடு.

"அண்ணே, அவுககிட்டச் சொல்லிராதீக. இன்னைக்குத்தேன் ஒரு வாய் சோறு சாப்புட்டாக."

அங்குட்டிருந்து வீரணன் குரல் கொடுத்தான்: "என்னண்ணே, கன்னு மொளச்சிருச்சா? செவப்பா இருக்கா?"