பேருக்கு ஒரு வேலைக்காரி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாங்கள் அவளை ஸ்டீம் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நீராவியில் ஓடுகிற பெரிய தேய்ப்பு மெஷின் அவள் பொறுப்பில் இருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவள் கோபம். சுர்ரென்று ஏறும், நாலு வார்த்தை கத்துவாள், அத்தோடு சரி. ஈரப் படுக்கை விரிப்பை ஒருத்தி ஒரு முனையில் பிடிக்க, இன்னொருத்தி மறுமுனையை இழுத்து உதறி உருளைக்குள் விட வேண்டும். பிடித்துக் கொடுக்கிறவள் நான். கொஞ்சம் தொய்ய விட்டால் போச்சு. "ஏன்டி, காலைல சாப்பிடலையா? கை என்ன இப்படிக் கொழகொழன்னு இருக்கு?" என்று அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவாள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதனால் இங்கே சொல்வதெல்லாம் நானே கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது.

அக்காவின் புருஷன் அங்கேயே பாய்லர் பார்த்தவர். மனிதர் நெஞ்சுவலியில் சட்டென்று போய்விட்டார். அவருக்குப் பதிலாக அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை கொடுத்தார்கள், வேலையோடு குவார்ட்டர்ஸ் வீடும் அவள் பேருக்கு மாறியது. பிள்ளை குட்டி கிடையாது. இருந்தது ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் இவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தாள். அவன் மீசை வைத்த பிறகும் சட்டையைத் தேய்த்து மடித்துக் கொடுத்தவள் அவள்தான். "உலகத்துல இல்லாத தம்பி" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். "ஆமாடி, உங்களுக்கெல்லாம் பொறாமை" என்று சிரிப்பாள். அவனுக்கோ எந்த வேலையும் நிலைக்கவில்லை. இன்று ஒரு கடை, நாளை ஒரு கடை என்று திரிந்தான்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பு முடியாமல் போனவர் தன் வேலையை ரத்த சொந்தத்தில் ஒருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். தம்பிக்கு ஒரு பெண் அமைந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை இருந்தால் மேலே பேசலாம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். மறுவாரமே அக்காவுக்கு வலது கை தூக்க வரவில்லை! மலை மாதிரி ஈரத்துணியைத் தள்ளிக்கொண்டு போகிற கை, டாக்டர் முன்னால் தோளுக்கு மேலே ஏற மறுத்தது. "ஐயோ அம்மா" என்று அவள் முனகியதைக் கேட்டு எனக்கே கை வலித்தது. வெளியே வந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்தபிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, கையில இருக்கறதை விட்டுட்டு நாளைக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அவன் யாருடி, அந்நியனா? எனக்கு என்ன வேணும்? அக்கான்னு கூப்பிட்டு ஒரு வாய் சோறு. அதுகூடப் போட மாட்டானா?"

அவள் கேட்டது அவ்வளவுதான். அந்த வீட்டில் அக்காவாக இருக்க வேண்டும்.

தம்பிக்கு வேலை வந்தது, வீடும் அவன் பேருக்கு மாறியது, கல்யாணமும் நடந்தது, பெண் குழந்தையும் பிறந்தது. "என் மருமகளுக்கு என்னை மாதிரியே கோபம் பாரு" என்று அக்கா அதைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள். டீச்சரம்மா வேலைக்குப் போய்விடுவாள். குழந்தையும் அடுப்பும் அக்கா பொறுப்பு. குறை சொல்ல ஒன்றும் இல்லை, நானே சொல்கிறேன்.

பிறகு குவார்ட்டர்ஸ் சோதனை வந்தது. இந்த இடத்தில் எனக்கு வயிறு எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியைக் கட்டியவன் வெள்ளைக்காரன். யார் எந்த வீட்டில் இருக்கலாம் என்று விதி எழுதி வைத்தவனும் அவனே. குடும்பம் என்றால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள். பெற்ற தாய்கூடக் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. கப்பலேறி வந்தவன் அம்மாவையும் அக்காவையுமா கூட்டிக்கொண்டு வந்தான்? ஆனால் துணி துவைக்க, பிள்ளை தூக்க ஆள் வேண்டுமே. அதனால் வேலைக்காரர் தங்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டான். அவன் மூட்டை கட்டிக்கொண்டு போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பெரிய டாக்டரின் பங்களாவுக்கும் எங்கள் ஒன்றரை அறைக்கும் இன்னமும் அதே விதிதான். மாற்ற எவனுக்கும் கை வரவில்லை. அம்மாவை வைத்திருந்ததற்காக எங்கள் வரிசையிலேயே ஒரு கம்பவுண்டரைக் காலி செய்ய வைத்தார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, எங்களில் யாரையும் தெரியாதவர், வாசலில் நின்று கேட்டார். "இந்த அம்மா யாரு?"

தம்பி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வேலைக்காரி சார். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், குழந்தையைப் பார்த்துக்க."

அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. "பேருக்குத்தான் அக்கா. வேற என்ன சொல்லச் சொல்றே? வீடு போயிடும்ல?" என்றான் தம்பி. அவன் சொன்னதில் நியாயம் இருப்பதாக அவளே எனக்கு எடுத்துச் சொன்னாள். நான் தலையாட்டினேன், வேறென்ன செய்ய?

பேருக்கு என்று வந்தது கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது. யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்று தம்பி வாசலில் அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தினான். பிறகு வீட்டுக்குள்ளும் நிறுத்தினான். "இங்க பாருங்க" என்று ஆரம்பிப்பான். கட்டில் கிடந்த இடத்தில் குழந்தையின் பொம்மைப் பெட்டி வந்தது, அக்காவின் பாய் சமையலறைக்குப் போனது. டீச்சரம்மாவின் தோழிகள் வந்த ஒரு நாள், "எங்க வீட்ல வேலைக்கு இருக்கறவங்க ரொம்ப நல்ல மாதிரி" என்று அவள் சொன்னது சுவர் தாண்டி எனக்கே கேட்டது. அக்கா அந்தப்பக்கம் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்திருப்பாள். அன்றைக்கு நான் கோபத்தில் பாத்திரத்தை எல்லாம் போட்டு உடைக்காத குறை.

"வேற இடத்துல வேலை தேடுங்க அக்கா. உங்க கைக்கு யாரு இல்லைன்னு சொல்வாங்க?" என்றேன்.

தேடினாள். போன இடத்தில் எல்லாம் ஆஸ்பத்திரியில் விசாரித்தார்கள். "அந்த அம்மாவுக்குக் கை விளங்காது, அதனாலதானே வேலையை விட்டாங்க" என்று பதில் வந்தது. கை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவள் வாயைத் திறந்தால், அன்றைக்குச் சொன்ன பொய் வெளியே வரும், தம்பியின் வேலை போகும். அவனுக்காகத் தான் வெட்டிய குழியில் அவளே கழுத்தளவு நின்றாள். ஒரு தரம் மட்டும், "என்னை இப்படி ஆக்கிட்டானேடி" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். ஸ்டீம் அக்கா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த சோதனைக்கு அதே அதிகாரி வந்தார். நாங்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றோம். குழந்தைக்கு இப்போது பேச்சு நன்றாக வந்துவிட்டது. அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற அது, புது ஆளைப் பார்த்த குஷியில், "இது என் அத்தை!" என்றது.

அதிகாரி சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். எந்தக் குழந்தைதான் பார்க்கிறவர்களை எல்லாம் அத்தை என்று கூப்பிடாது? அவர் காதில்கூட வாங்கவில்லை. ஆனால் குற்றம் உள்ளவன் சும்மா இருப்பானா? தம்பி பளாரென்று குழந்தை முதுகில் ஒன்று வைத்தான். "அத்தையாம் அத்தை! ஆயான்னு சொல்லு."

குழந்தை மூச்சடைத்து அழுதது. அதிகாரி நிமிர்ந்தார். "ஏன்யா குழந்தையை அடிக்கிறே? ஏம்மா, உண்மையைச் சொல்லு, நீ யாரு?"

அக்கா குழந்தையைத் தூக்கி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சொல்லுங்க அக்கா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்க என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நடுத்தெருவில் நிற்பான். அது அவனுக்கும் தெரிந்தது. முகம் வெளுத்துப்போய் அவளையே பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் கோபம் ஏறுவது எனக்குத் தெரிந்தது. ஏறியது அடங்கவில்லை, அவள் கத்தவும் இல்லை.

"வேலைக்காரிதான் சார்" என்றாள். குழந்தையை டீச்சரம்மா கையில் கொடுத்தாள். "இன்னையோட நின்னுக்கறேன்."

உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். என் வாசலைத் தாண்டும்போது, "அக்கா, எங்க போறீங்க? உள்ள வாங்க" என்று கையைப் பிடித்தேன். "வந்தா உன் வீட்ல என்னை என்னன்னு எழுதுவாங்க?" என்று கேட்டாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

குழந்தை "அத்தை, அத்தை" என்று கதறியது. அவள் வரிசையின் கடைசி வீட்டைத் தாண்டும்போது தம்பி படி இறங்கி ஓடினான். இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்தது தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"அக்கா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் நின்றுவிட்டாள். முதுகைக் காட்டியபடி, பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"யாரைய்யா அக்கான்னு கூப்பிடறே?" என்றார் அதிகாரி.

தம்பி அவரைப் பார்த்தான். அவர் கையில் இருந்த பேனாவைப் பார்த்தான்.

"யாரையும் இல்ல சார்."

அவள் குனிந்து பையை எடுத்துக்கொண்டு போனாள்.