பொழுதோட வருகிறேன் என்றாள்

முதலிபாளையம் பயிற்சி மையத்தில் முதல் வாரம் எங்களுக்கு நூலே தரவில்லை. தாளில் கோடு போட்டுக் கொடுத்து, வெறும் ஊசியால் அதன்மேல் ஓட்டச் சொன்னார்கள். நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி, பன்னிரண்டாவதோடு நின்றவள். பக்கத்து மெஷினில் இருந்தவள் கணியூர்க்காரி, என்னைவிட ஒரு வயது சின்னவள். என் தையல் ஓணான் ஓடியதுபோல் இருக்கும். அவளுடையது ஸ்கேல் வைத்ததுபோல் நேராகப் போகும். பொறாமையாக இருந்தது, அதை அவளிடமே சொல்லியும் விட்டேன்.

"பொறுமையா மிதிங்கக்கா, மெஷினு எங்கீங்க போயிரப்போவுது?" என்பாள். எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க'. ஊசி குத்தினால்கூட மரியாதையாகத்தான் அழுவாய் என்று கிண்டல் செய்வேன்.

மூன்று மாதத்தில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் கைக்கு வந்தது. ஒரு பனியன் கம்பெனி எங்கள் இருவரையும் எடுத்துக்கொண்டது. அடுத்தடுத்த மெஷின் வேண்டும் என்று கேட்டு வாங்கியும் வைத்தோம். அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலையில் சேர்ந்துவிட்டால் ஒரு வருடம் கல்யாணப் பேச்சே கிடையாது, இல்லாவிட்டால் கழுத்தை நீட்ட வேண்டும் என்பது அவள் அப்பாவின் தீர்ப்பு. அவரிடம் சொல்லிவிட்டு வரத்தான் ஊருக்குப் போனாள்.

போன இடத்திலிருந்து அம்மாவின் போனில் பேசினாள். "அப்பா செரின்னுட்டாருங்கக்கா! நாளைக்குப் பொழுதோட வந்தர்றனுங்க."

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகக் கம்பெனி வேன் காலை பதினோரு மணிக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பொழுதோட வா என்றால் நேரங்காலத்தோடு வா என்று அர்த்தம். அதான் வருகிறாளே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்ததிலிருந்து மையத்து வாசலில் நின்றேன். போனை யாரும் எடுக்கவில்லை. வேன் வந்தது. லிஸ்ட் வைத்திருந்தவர் இன்னொரு பெண் எங்கே என்று கேட்டார். கடைசியில் அப்பாவின் கல்யாணப் பேச்சுக்கே தலையாட்டிவிட்டாள் என்று எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்திருந்தது.

"அவ வர மாட்டா சார், பேர அடிச்சிருங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பையும் கையுமாக, அப்பாவோடு மையத்து வாசலில் வந்து நின்றிருக்கிறாள். வேலைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. அப்பா அடுத்த பஸ்ஸிலேயே திரும்பக் கூட்டிப்போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து, கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் போனில் கூப்பிட்டாள். "நாந்தான் பொழுதோட வர்றன்னு சொன்னனுங்களே?"

"காலையிலேர்ந்து பாத்தேனே புள்ள!"

"காலைலயா? பொழுதோடன்னா சாயங்காலமுங்கக்கா."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள், ஞாயிற்றுக்கிழமை தனக்கு நிச்சயதார்த்தம் என்றாள்.

"என்ற மெஷின்ல ஆருங்க இருக்காங்க?"

"யாருமில்ல. சும்மாதான் கெடக்கு" என்றேன். பக்கத்தில் ஒடிசாப் பெண் ஒருத்தி அதில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

இரண்டு வருடத்தில் அந்த மெஷினில் ஐந்தாறு பேர் மாறிவிட்டார்கள். யார் வந்து உட்கார்ந்தாலும், அது அவளாக இருக்கக்கூடாதா என்று மனது ஏங்குகிறது. போனில் அவள் குழந்தை அழுவது கேட்கிறது. கம்பெனிக்காரர்கள்தான் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று இன்றும் சொல்கிறாள். பேரை அடிக்கச் சொன்னது நான்தான் என்று அவளிடம் இதுவரை சொல்லவில்லை.