மனசுக்கு மூன்று புள்ளி

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொழும்பில் சாப்பாட்டுக்கடை, வவுனியாவில் கிணறு வெட்டு என்று அலைந்துவிட்டு, நோட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் சீனர்கள் நடத்திய பாதை வேலைக்கு வந்து சேர்ந்தேன். கான்கிரீட் கலக்கும் மெஷினில் எனக்கு ஜோடி ஒரு சீனக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தேத்தண்ணி நேரத்தில், கான்கிரீட் ஊற்ற அடைக்கும் பலகை ஒன்றில் சோக்கட்டியால் எழுதிக் காட்டுவார். ஒரு வளைவு, மூன்று புள்ளி. அது மனசு. அதன்மேல் எது ஏறுகிறதோ அதைப் பொறுத்துக் கோபம், துக்கம், நினைப்பு. எழுதிவிட்டு முகத்தாலும் நடித்துக் காட்டுவார். கோபத்துக்கு 怒. துக்கத்துக்கு 悲.

"கோவப்படக்கூட சீனாக்காரன்கிட்டயா படிக்கிற? ஒம் பொண்டாட்டி சும்மாவே சொல்லிக்குடுப்பாளே" என்பார், எங்களோடு சீமெந்து மூட்டை தூக்கும் அண்ணன்.

ஒருநாள் சீனக்காரர் வேலைக்கு வரவில்லை. ஊரில் அவருடைய அம்மா இறந்துவிட்டார், லீவு கிடைக்கவில்லை என்று மேற்பார்வையாளர் சிங்களத்தில் சொன்னார். போய்ப் பார்த்தபோது தகரக் கொட்டகையில் அவர் ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இழவு வீட்டில் செய்வதுபோல் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தேன். கொஞ்சநேரம் கழித்து ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் கூடாது.

மறுநாள் அவர் இருந்த சீனர் குழுவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் போனபோது வேன் கிளம்பியிருந்தது. பலகையில் 怒 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"நீ வர்றியான்னு பாதையவே பாத்துக்கிட்டு நின்னாருடா. அவருகூட என்ன சண்டை?" என்றார் அண்ணன்.

"சண்டை இல்லண்ணே. எழவு வீட்டுலருந்து வர்ற மாதிரி வந்தேன்."

"அது நமக்குத் தெரியும். அவருக்கு எப்பிடிடா தெரியும்?"

ஒன்பது மாதம் கூடவே வேலை செய்தும் நம்பர் வாங்கி வைக்கவில்லை. எந்த இடத்துக்குப் போனார்கள் என்று மேற்பார்வையாளருக்கும் தெரியவில்லை. கேள்விக்குறிக்குக் கீழே 悲 என்று எழுதினேன். மூன்று புள்ளியும் சரியாகவே விழுந்தன.

பத்து மணிக்கு அந்தப் பலகையையே மதிலுக்கு அடைத்துக் கான்கிரீட் ஊற்றினோம். வேறு பலகை இல்லை.